நூலகமும் கிடங்கும்

நீச்சல் குளத்துக்கு மேல்மாடியில் ஒரு அறை இருந்தால் அதில் யார் போய்க் கூட்டம் போடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? டேட்டாபேஸ் ஆட்கள் போட்டார்கள். உங்கள் பேரும் என் பேரும் எங்காவது ஒரு பட்டியலில் இருக்குமல்லவா, பள்ளிக்கூடத்தில், மின்சார ஆபீஸில், பல் டாக்டரிடத்தில், அந்தப் பட்டியல்களைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி மேய்க்கிறவர்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை, மதியம் மூன்று மணி, பதினான்கு பேர். கீழே பிள்ளைகள் தொப்புத் தொப்பென்று தண்ணீரில் விழுவார்கள். மேலே குளத்து மருந்தின் நெடியில் கண் எரிய எரிய, இவர்கள் தாங்கள் எழுதிய ஸ்கிரிப்ட்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருப்பார்கள். ஸ்கிரிப்ட் என்றதும் சினிமாவுக்கு எழுதுவதை நினைத்துவிடாதீர்கள். இது கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கும் வேலைச் சீட்டு. இத்தனை மணிக்கு எழுந்திரு, இந்தப் பட்டியலைப் பார், இது இப்படி இருந்தால் அப்படி மாற்று, போய்ப் படு.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. யாரும் தன் ஆபீஸ் எது என்று சொல்லக் கூடாது. என்ன பட்டியல், யாருடைய பட்டியல், எத்தனை பேர், எதுவும் கூடாது. விதியைக் கொண்டுவந்தவள் கூட்டத்தை நடத்தும் அம்மாள்தான். முன்னொரு காலத்தில் வேறொரு கூட்டத்தில் தன் ஆபீஸ் சங்கதியை வெள்ளந்தியாகச் சொல்லிவைக்க, அது காது காதாகப் போய் மேலதிகாரி காதில் விழுந்து, வேலை போய்விட்டது. சூடு கண்ட பூனை. அதனால் இங்கே பிரச்சினையைக் கொண்டுவருகிறவர் அதற்கு ஒரு வேஷம் கட்டித்தான் கொண்டுவர வேண்டும். எண்ணிக்கையைக்கூட மாற்றிச் சொல்ல வேண்டும். ஒருவருக்குக் கொடுத்த இருபது நிமிடம் முடிந்தால் அந்த அம்மாள் நீச்சல் மாஸ்டரிடம் இரவல் வாங்கிய விசிலை ஊதிவிடுவாள். அவளுக்கு விசில் என்றே பேர் ஆகிவிட்டது.

மற்றவர்களுக்கு அவரவர் வேஷமே பேர். எப்போது வந்தாலும் நூலகம், நூலகம் என்று கதை சொல்கிறவளுக்கு நூலகம். எப்போதும் சரக்கு, பெட்டி, அலமாரி என்று பேசுகிறவருக்குக் கிடங்கு. இரண்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒருவரின் உண்மைப் பேர் இன்னொருவருக்குத் தெரியாது.

நூலகத்துக்கு வயது நாற்பத்தொன்று. நிஜத்தில் அவள் வேலை பார்த்தது ஒரு ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவில். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிறவர்களின் பட்டியல் அவள் பொறுப்பு. பட்டியல் அவள் கம்ப்யூட்டரில் இல்லை, பொதுவான ஒரு பதிவகத்தில் இருந்தது. ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகள், பரிசோதனைக்கூடங்கள் எல்லாம் ஒரே பொதுச் சாவியைப் போட்டு அதற்குள் போய் எழுதும். ஒரு ஆளுக்கு ஒரு வரி. வரியின் கடைசியில் இரண்டு சொல்லில் ஒன்று இருக்கும். நடப்பு, அல்லது நிறுத்தம். ஒரு சிறுநீரகம் வந்தால் பதிவகம் ‘நடப்பு’ என்று இருப்பவர்களை மட்டும்தான் எடுத்துப் பார்க்கும். நிறுத்தத்தில் இருப்பவர் அந்த நேரத்துக்கு இல்லாதவர்தான்.

இவளுடைய ஆட்களில் பதினோரு பேர் மூன்று மாதமாகத் தினமும் நிறுத்தமாகிக்கொண்டிருந்தார்கள். மாலையில் வீட்டுக்குப் போகும்போது நன்றாக இருப்பார்கள். காலையில் வந்து திறந்தால் பதினோரு வரியிலும் நிறுத்தம், நிறுத்தம், நிறுத்தம். டாக்டரைக் கேட்டால் நான் நிறுத்தச் சொல்லவே இல்லையே என்கிறார். பதிவகத்துக்கு எழுதினால் உங்கள் கோரிக்கை கிடைத்தது என்று பதில் வருகிறது, அதோடு சரி. யார் மாற்றியது என்று பார்த்தால் ‘பொது’ என்று இருக்கிறது. எல்லோரும் ஒரே சாவி போட்டால் திருடனை எப்படிப் பிடிப்பது? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி தையல்காரி. கடைத்தெருவில் ஜிப் மாற்றுவதும் பேன்ட் உயரம் குறைப்பதுமாக ஒரு சின்னக் கடை. ஆறு வருஷமாக வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் கையை நீட்டிக்கொண்டு படுக்கிறவள். தினமும் காலை ஏழு பத்துக்குப் போன் அடிப்பாள்.

“என் பேரு இருக்குங்களா?”

“இருக்குங்க.”

“சரி, வைக்கிறேன்.”

அவ்வளவுதான். பிரிவில் இருந்தவர்களுக்கெல்லாம் அது ஒரு சிரிப்பு. கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளலாம் என்பார்கள். நூலகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு மணிக்கு வந்து பதினோரு வரியையும் கையால் நடப்பு ஆக்கிவிட்டு, ஏழு பத்துக்கு ‘இருக்குங்க’ என்பாள். பொய் இல்லை. அந்த நேரத்துக்கு இருந்தது.

போன மாதக் கூட்டத்தில் இதை எடுத்து வைத்தாள், வேஷத்தோடு.

“எங்க நூலகத்துல நாப்பது உறுப்பினர்ங்க தினமும் சாயங்காலமானா காணாமப் போயிடுறாங்க. காலைல வந்து திரும்பச் சேர்க்குறேன். யாரு எடுக்குறாங்கன்னே தெரியல.”

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பேய் பிடிச்சிருக்கு, ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போடுங்க என்றார் ஒருவர். கிடங்குதான் உருப்படியாகப் பேசினார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா.

“யாருன்னு தேடுறதை அப்புறம் வச்சுக்குங்க. உறுப்பினருங்க கஷ்டப்படக் கூடாது இல்லையா? எங்கிட்ட ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு. சேவல்னு பேரு. காலைல ஏழு மணிக்குத் தானா எந்திரிச்சு, விழுந்து கிடக்குறதை எல்லாம் எழுப்பி நிறுத்திட்டுப் படுத்துடும். எடுத்துக்குங்க.”

எடுத்துக்கொண்டாள். திங்கள்கிழமையிலிருந்து சேவல் கூவ, பதினோரு பேரும் எழுந்தார்கள். அவளுக்குக் காலையில் ஒரு டீ குடிக்க நேரம் கிடைத்தது. மனசுக்குள் கிடங்கை வாழ்த்தினாள்.

இந்த மாதக் கூட்டத்தில் கிடங்கு எழுந்தார். முகம் வாடியிருந்தது.

“கெட்டுப் போன சரக்கு இருக்கு, ஒரு இருநூறு பெட்டி. ஓரமா ஒதுக்கி வைக்கிறேன். யாரோ எடுத்துத் திரும்ப அலமாரில அடுக்கிடுறாங்க. ஒதுக்குறேன், அடுக்குறாங்க. ஒதுக்குறேன், அடுக்குறாங்க. பைத்தியம் புடிக்குதுங்க.”

நூலகத்துக்கு ஐயோ பாவம் என்றிருந்தது. தனக்கு உதவிய மனிதர், நாம் ஒன்று செய்ய வேண்டாமா? அவளிடம் ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. அதற்குக் காவல்காரன் என்று பேர். ஒரு வரியை நீங்கள் மாற்றிவிட்டு இந்தக் காவல்காரனைக் காவலுக்கு வைத்தால், வேறு யார் வந்து அதை மாற்றப் பார்த்தாலும் விடாது. அதோடு ஒரு செய்தியும் காட்டும். கூட்டம் சிரிக்கட்டும் என்று அந்தச் செய்தியை அவளே கிண்டலாக எழுதியிருந்தாள்: ‘இந்த வரியில் கை வைக்க உங்களுக்கு அனுமதி இல்லை. போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.’

கூட்டம் சிரித்தது. விசில்கூட ஊத மறந்து சிரித்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். கிடங்குக்கு மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே போட வேண்டும், எப்படிப் போட வேண்டும் என்று வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தாள்.

திங்கள்கிழமை காலை ஏழு மணி. சேவல் எழுந்தது. நூலகம் டீக் கோப்பையோடு வந்து உட்கார்ந்தாள். ஸ்கிரீனில் பதினோரு முறை, ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியிருந்தது.

‘இந்த வரியில் கை வைக்க உங்களுக்கு அனுமதி இல்லை. போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.’

பேய் அறைந்தது போல ஆகிவிட்டாள். இது அவள் எழுதிய வாக்கியம். அவள் கிண்டல். அவள் முகத்துக்கு நேரே அவளையே பார்த்துச் சிரிக்கிறது. நான் எப்போது இதை இங்கே போட்டேன்? சனிக்கிழமை லேப்டாப்பில் காட்டும்போது தெரியாத்தனமாக ஆபீஸ் பட்டியலைத் திறந்து வைத்திருந்தேனா? இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் எப்போதும் உண்டு. ஒரு பக்கம் விளையாட்டுக்கு வைத்திருக்கும் பட்டியல், ஒரு பக்கம் நிஜப் பட்டியல், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எதில் கை வைக்கிறோம் என்று ஒரு நொடி மறந்தால் போச்சு. திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். தான் போட்டதற்கு ஒரு தடயமும் இல்லை. போடவில்லை என்பதற்கும் இல்லை. எல்லாம் ‘பொது’.

ஏழு பத்துக்குப் போன் அடித்தது.

“என் பேரு இருக்குங்களா?”

எதிரே ஸ்கிரீனில் நிறுத்தம் என்று இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிடலாம், எதற்கு அந்தப் பாவப்பட்டவளைக் கலங்கடிக்க வேண்டும் என்று தோன்றியது.

“இருக்குங்க.”

“சரி, வைக்கிறேன்.”

ஒரு மணி நேரத்தில் சரியாகவில்லை. அன்று முழுக்கச் சரியாகவில்லை. காவல்காரனை எடுக்க வேண்டுமென்றால், போடும்போது அது ஒரே ஒருமுறை காட்டும் ரகசிய எண் வேண்டும்; அவளிடம் அது இல்லை. அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள், பெருமையாக. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான். பதிவகத்துக்குப் போன் போட்டால், எழுத்து மூலமா குடுங்க, மூணு வேலை நாள் ஆகும் என்றார்கள். பிரிவுத் தலைமை டாக்டர் வெளியூரில் இருந்தார். சிறுநீரகத்துக்கு வேலை நாள் தெரியுமா? இன்று மத்தியானம் ஒன்று வந்தால்?

வீட்டில் சோறு இறங்கவில்லை. அவள் கணவன் டிரைவிங் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். எதையும் வண்டியில் ஏற்றித்தான் பேசுவான்.

“எங்கிட்ட கத்துக்கிறவங்க பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டரை மிதிப்பாங்க. மிதிச்சிட்டு, சார் உங்க வண்டில பிரேக் புடிக்கலன்னு எங்கிட்டயே கோவிச்சுக்குவாங்க. நீ எதை மிதிச்சேன்னு நல்லா யோசிச்சுப் பாரு.”

“நான் எதையும் மிதிக்கல.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

அவனை அடிக்கலாம் போலிருந்தது. அதைவிட மோசம், அவன் சொல்வது சரியாக இருக்குமோ என்றும் இருந்தது. இரவெல்லாம் புரண்டாள்.

செவ்வாயும் அதே பதினோரு டீ. ஏழு பத்துக்கு அதே கேள்வி, அதே ‘இருக்குங்க’. இந்த முறை வாயிலிருந்து வரும்போதே நாக்கு கூசியது. முதல் நாள் சொன்னதை இன்று மாற்றினால், நேற்று ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பாளே. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். இவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று நான் உங்களுக்குச் சொல்லலாம், ஆனால் சொன்னது சொன்னதுதான்.

புதன்கிழமை காலையில்தான் அந்தப் புத்தி வந்தது. நான் போடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் காவல்காரன் வேறு யாரிடம் இருக்கிறது? சனிக்கிழமை வாங்கிப்போனவர்களிடம். கூட்டத்தின் போன் குழுவில் எழுதினாள்: ‘காவல்காரனை யார் யார், எங்கே போட்டீர்கள்?’

மூன்று பேர் பதில் போட்டார்கள். ஒருத்தி, ‘நாய் பூனை ஆஸ்பத்திரியில் போடலாமென்று இருக்கிறேன், இன்னும் போடவில்லை.’ இன்னொருவர், ‘தியேட்டர் சீட்டில் போட்டேன், அருமை.’ கிடங்கு எழுதியிருந்தார்: ‘சனிக்கிழமை மாலையே போட்டுவிட்டேன். ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை. உங்கள் கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும்.’

சீட்டு. காத்திருக்கும் ஆட்கள், இடம், வரிசை. சீட்டு என்பது நல்ல வேஷம்தானே? தியேட்டர்காரருக்குப் போன் போட்டாள்.

“தப்பா நெனைக்காதீங்க. உங்க சீட்டுங்கறது நெஜத்துல என்னது? மனுஷங்களா?”

“என்னங்க கேக்குறீங்க?”

“வேஷத்தைக் கழட்டிட்டுச் சொல்லுங்க. ரொம்ப முக்கியம்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “விசில் கிட்டச் சொல்லிடாதீங்க. எங்களுது நெஜமாவே தியேட்டர்தாங்க. வேற என்ன வேஷம் போடுறதுன்னு எனக்குத் தோணல.”

வேறொரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். அடுத்து கிடங்கு. அவரைக் கேட்பதற்கே வெட்கமாக இருந்தது. கெட்டுப் போன சரக்குக்கும் உயிருள்ள மனுஷருக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேனே என்று நினைத்துக்கொண்டேதான் போட்டாள்.

“உங்க பெட்டி எத்தனை? மாத்தாம, நெஜமான எண்ணிக்கையைச் சொல்லுங்க.”

“விதி இருக்கே.”

“விதி கெடக்கட்டும். எத்தனை?”

“பதினொண்ணு.”

அவளுடைய ஆட்களும் பதினொன்று. “உள்ள என்ன இருக்கு?”

“ரத்தம்” என்றார் அவர்.

“எங்க இருக்கீங்க நீங்க?”

“பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாப்புல, நீலக் கதவு போட்ட கட்டடம். பஸ் ஸ்டாப்புக்கு இந்தப் பக்கம்.”

“அந்த ஆஸ்பத்திரிலதான் நான் இருக்கேன்” என்றபடி நூலகம் ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். பஸ் ஸ்டாப். அதற்கு அந்தப் பக்கம் நீலக் கதவு. இரண்டு வருஷமாக ஒரே தெருவில், ஒரே டீக்கடையில் டீ வாங்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது. நீலக் கதவைத் திறந்துகொண்டு மூன்று பேனாவோடு ஒரு ஒல்லி மனிதர் போனைக் காதில் வைத்தபடி வெளியே வந்து, எந்த ஜன்னல் என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தார்.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் இரண்டு பேரும் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்கள். வந்த பஸ்ஸெல்லாம் இவர்களுக்காக நின்று நின்று போனது.

அவர் பரிசோதனைக்கூடத்தில் ரத்தப் பட்டியல் பார்ப்பவர். காத்திருக்கிறவர்கள் மாதம் ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். வருகிற சிறுநீரகம் ஒத்துப்போகுமா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். முப்பது நாளுக்கு மேல் பழைய ரத்தம் என்றால் அந்த ஆளை மாலை ஏழு மணிக்கு அவருடைய ஸ்கிரிப்ட் நிறுத்தத்தில் போடும். இந்தப் பதினோரு பேரும் மூடப்பட்ட ஒரு சின்னக் கிளினிக்கில் ரத்தம் கொடுத்துவந்தவர்கள். கிளினிக்கை மூடியவர்கள், இனி எங்கே போய்க் கொடுப்பது என்று அவர்களுக்குச் சொல்லவே இல்லை.

“அப்போ நீங்கதான் எடுத்தீங்க,” என்றாள் நூலகம்.

“அப்போ நீங்கதான் திரும்ப வச்சீங்க,” என்றார் கிடங்கு.

“நீங்க குடுத்த சேவலை வச்சுத்தான் வச்சேன்.”

“நீங்க குடுத்த காவல்காரனை வச்சுத்தான் தடுத்தேன்.”

இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் கோபப்பட்டுப் பார்த்தார்கள், கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டது.

“முதல்ல காவல்காரனை எடுங்க. இந்த நிமிஷம் ஒரு கிட்னி வந்தா அவங்க பேரு இல்ல.”

“எடுத்தா மட்டும் ஆச்சா? ரத்தம் பழசு. கூப்பிட்டாலும் ஒத்துப்போகுதான்னு பாக்க முடியாது. திருப்பி அனுப்பிடுவாங்க.”

“கூப்பிடவே இல்லைன்னா?”

“கூப்பிட்டுத் திருப்பி அனுப்பினா?”

அவர் சொல்வதும் சரி. இவள் சொல்வதும் சரி. இரண்டு சரி சேர்ந்து எப்படி இவ்வளவு பெரிய தப்பாக முடியும் என்று அவளுக்கு விளங்கவே இல்லை. மண்டை காய்ந்தது.

“ரத்தம் பழசாச்சுன்னா அவங்களுக்கு ஒரு லெட்டர் போடக் கூடாதா, வந்து குடுங்கன்னு?”

“தானாப் போகும். மூணு நாள் தொடர்ந்து நிறுத்தத்துல இருந்தா அன்னைக்கே லெட்டர் போயிடும்.” சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். “இந்த வாரத்துக்கு முன்னாடி மூணு நாள் தொடர்ந்து இருந்ததே இல்லையே.”

இருந்ததில்லை. முதலில் அவள் கையால், பிறகு சேவலால், தினமும் காலை ஏழு மணிக்கு எழுப்பிவிட்டுக்கொண்டே இருந்தாள். அவள் எழுப்பாமல் விட்டிருந்தால் நான்காம் நாள் லெட்டர் கையில் கிடைத்திருக்கும், அந்த வாரமே ரத்தம் கொடுத்து முடித்திருப்பார்கள். அவள் அவர்களைக் காப்பாற்றிய ஒவ்வொரு காலையும் அவர்களுக்கு வர வேண்டிய கடிதத்தைக் கிழித்திருக்கிறாள்.

“சேதாரம் ஏதாவது ஆச்சான்னு பாத்துடலாம்,” என்றார் கிடங்கு. சிறுநீரகம் வரும்போதெல்லாம் பதிவகம் யாரைத் தேர்ந்தெடுத்தது என்ற விவரம் பரிசோதனைக்கூடத்துக்கும் ஒரு நகல் வரும். அவர் தேடினார். இந்த மூன்று மாதத்தில் அந்தப் பதினோரு பேரில் யாருக்காவது பொருந்தக்கூடிய வகையில் வந்தது ஒன்றே ஒன்று. இரண்டு வாரத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு நாற்பது. எடுத்துக்கொண்டவர் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் நாள் காத்திருந்தவர். அதே ரத்த வகையில் தையல்காரி காத்திருந்தது இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினாலு நாள். அவள் அன்று நிறுத்தமாகி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

நூலகம் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஒன்று வந்து கதவைத் திறந்தது. டிரைவர், ஏறலியா என்றார். நூலகம் போகச் சொல்லிக் கையை ஆட்டினாள்.

சேவலை நூலகம் நிறுத்தினாள்; புது ரத்தம் பதிந்ததும் காவல்காரனை எடுப்பதாகக் கிடங்கு சொன்னார். அன்று மாலைக்குள் பத்துப் பேருக்குப் போன் போட்டு நாளைக்கே நீலக் கதவுக்கு வந்து ரத்தம் கொடுக்கச் சொல்லிவிட்டாள். தலைமை டாக்டருக்கு உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பினாள். தையல்காரிக்கு மட்டும் போன் போட முடியவில்லை. நாலு தடவை எண்ணை எடுத்து எடுத்து வைத்தாள். நேரில்தான் சொல்ல வேண்டும், காலையில் கடைக்கே போய்விடலாம் என்று இருந்தாள்.

வியாழக்கிழமை ஏழு பத்துக்குப் போன் வரவில்லை. எட்டரைக்கு ஆளே வந்துவிட்டாள். கையில் ஒரு லெட்டர். மூன்று நாள் தொடர்ந்து நிறுத்தத்தில் இருந்தாளே, அதுதான் தானாகப் போய்ச் சேர்ந்திருந்தது. இத்தனை வருஷம் போனில் கேட்ட குரல், முகம் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சின்ன உருவம். இடது கை முழுக்க ஊசி ஏறி ஏறி நரம்பு கயிறு போலத் திரண்டிருந்தது.

“தினமும் போன் பண்றது நான்தாங்க. சனிக்கிழமையிலேர்ந்து என் பேரை நிறுத்தி வச்சிருக்குன்னு இதுல போட்டிருக்கு. நேத்துக்கூட இருக்குன்னு சொன்னீங்களே?”

“முதல்ல வாங்க, ரத்தம் குடுத்துடலாம். சொல்றேன், எல்லாத்தையும் சொல்றேன்.”

தெருவைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனாள். கிடங்கு கதவருகிலேயே நின்றிருந்தார். ரத்தம் எடுத்தார்கள். ஒரு சின்னக் குழாய், இரண்டு நிமிட வேலை. அதற்காகத்தான் இத்தனையும். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

நூலகம் சொன்னாள். வேஷம் எதுவும் போடாமல், சேவல், காவல்காரன் என்றெல்லாம் சொல்லாமல் சொன்னாள். சாயங்காலம் ஏழிலேர்ந்து காலைல ஏழு வரைக்கும் உங்க பேரு இல்ல. நீங்க கேக்குற நேரத்துக்கு நான் எழுதி வச்சுடுவேன். எனக்கே தெரியாது. திங்களும் செவ்வாயும் புதனும் தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னாள்.

“ரத்தம் பழசா இருந்ததால, கூப்பிட்டிருந்தாலும் கெடைச்சிருக்குமான்னு…” என்று கிடங்கு ஆரம்பித்தார்.

தையல்காரி அவரைப் பார்க்கவே இல்லை. “எந்தச் செவ்வாய்?”

தேதியைச் சொன்னாள்.

தையல்காரி யோசித்தாள். கணக்குப் போடுகிறவள் போல உதடு அசைந்தது. “அன்னைக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் இருபத்தி ரெண்டு. ஏழரைக்குப் பட்டன் வச்சுக்கிட்டிருந்தேன். போன் மெஷின் மேலேயே இருந்துச்சு. சத்தத்துல கேக்காமப் போயிடப் போகுதுன்னு கையிலதான் பட்டன் வச்சேன்.”

கிடங்கு சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார், எதற்கென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். நூலகத்துக்கு அழுகை வந்துவிட்டது. அழுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று அதையும் விழுங்கினாள்.

“என் பேரு இப்போ இருக்கா?” என்றாள் தையல்காரி.

“இருக்கு,” என்றாள் நூலகம்.

“பதிஞ்சு முடிக்கல, மத்தியானத்துக்கு மேலதான்,” என்றார் கிடங்கு, அதே நேரத்தில்.

தையல்காரி முதன்முறையாக இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டாள். அவர் கையிலிருந்த பேனாவை அவளே வாங்கினாள். லெட்டரைத் திருப்பிப் பின்பக்கத்தை மேஜை மேல் வைத்து, நடுவில் ஒரு கோடு இழுத்தாள்.

“ரெண்டு பேரும் உங்க பேரையும் நம்பரையும் எழுதுங்க. உங்க நெஜப் பேரை. நாளைலேர்ந்து ரெண்டு பேருக்கும் போன் பண்ணுவேன். ரெண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னாத்தான் நம்புவேன்.”